கோப்புக் கண்காணிப்புக் கருவி ஏன் திணறுகிறது? மெதுவான குவெரியைப் பிடிப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. செம்பனைத் தோட்ட அலுவலகத்தின் மூலையில் ஒரு சின்ன சர்வர் இருக்கும். செக்ரோல் (ஆள் வருகை, கூலிப் பதிவேடு), சம்பளக் கணக்கு, லாரி எடை போட்ட சீட்டு, குலைக் கணக்கு எல்லாம் அதில் ஃபோல்டர் ஃபோல்டராகக் கிடக்கும். எந்தக் கோப்பு எப்போது மாறியது, எது அழிந்தது என்று குறித்துவைக்க ஒரு கண்காணிப்புக் கருவியும் ஓடிக்கொண்டிருக்கும். போட்ட புதிதில் கேட்டவுடன் பதில் வரும். ஓர் ஆண்டு கழித்து, “மூன்றாம் டிவிஷன் செக்ரோல் போன வாரம் எப்போதெல்லாம் மாறியது, பாரப்பா” என்று பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) கேட்பார். திரையில் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

ரேம் கூட்டலாம், புது சர்வர் வாங்கலாம் என்று உடனே பேச்சு கிளம்பும். பெரும்பாலான நேரங்களில் இரண்டும் வீண் செலவு. கருவி மெதுவாக இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம், ஐம்பது பதிவைத் தருவதற்காக டேட்டாபேஸ் லட்சக்கணக்கான பதிவுகளைப் படித்துக்கொண்டிருப்பதுதான். எத்தனை பதிவு தந்தது என்பது திரையிலேயே தெரியும். எத்தனை பதிவைப் படித்துவிட்டுத் தந்தது என்பதைத்தான் நாம் தோண்டி எடுக்க வேண்டும்.

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். லினக்ஸ் சர்வரில் ஐநோட்டிஃபை என்று ஒரு வசதி உண்டு. 2005இல் வந்த 2.6.13 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது. ஒரு ஃபோல்டரைக் கவனிக்கச் சொன்னால், அதற்குள் கோப்பு உருவானாலும் மாறினாலும் பெயர் மாறினாலும் அழிந்தாலும் கெர்னலே சொல்லிவிடும். உள் ஃபோல்டர்களை அது தானாகக் கவனிக்காது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். யார் மாற்றினார்கள் என்பதையும் சொல்லாது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும், இங்கே அந்தப் பேச்சு வேண்டாம். கெர்னல் சொல்லும் ஒவ்வொரு செய்தியையும் கருவி ஒரு பதிவாக டேட்டாபேஸில் எழுதும். கோப்பின் முழுப் பாதை, நேரம், என்ன நடந்தது, கோப்பின் அளவு, இவ்வளவுதான் ஒரு பதிவு.

இதுமாதிரிச் சின்னக் கருவிகளில் டேட்டாபேஸ் பெரும்பாலும் எஸ்கியூலைட்டாகத்தான் இருக்கும். 2000இல் ரிச்சர்ட் ஹிப் எழுதத் தொடங்கியது. தனி சர்வர் புரோகிராம் எதுவும் வேண்டாம், ஒரே கோப்புக்குள் எல்லாம் அடங்கிவிடும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க எஸ்கியூலைட்டை வைத்தே பேசுகிறேன். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான்.

பதிவுகள் நாம் நினைப்பதைவிட வேகமாகப் பெருகும். கிராணி எக்செல்லில் ஒருமுறை சேவ் பொத்தானை அமுக்கினால் ஒரு மாற்றம் என்றுதான் நினைப்போம். எக்செல் உள்ளே செய்வது வேறு. முதலில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி அதில் எழுதும். பழையதன் பெயரை மாற்றி ஒதுக்கும். புதியதற்கு உரிய பெயரை வைக்கும். பிறகு பழையதை அழிக்கும். கோப்பு திறந்திருக்கும்வரை பெயருக்கு முன்னால் ~$ ஒட்டிய குட்டிக் கோப்பு ஒன்றும் பக்கத்தில் இருக்கும். ஒரு சேவ் அரை டஜன் பதிவாகிவிடும். நாளைக்குப் பத்தாயிரம் பதிவு என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் 36 லட்சத்தைத் தாண்டும். ஒரு பதிவு 120 பைட் என்றால் 430 எம்பிக்கு மேல். இன்றைய கணினிக்கு இது பெரிய அளவே இல்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் இந்த 430 எம்பியையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டினால் பெரிதுதான்.

மெதுவானது எது என்று முதலில் பிரியுங்கள்

திரை மெதுவாக இருக்கிறது என்பதற்காக டேட்டாபேஸ்தான் மெதுவாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. கருவி அனுப்பும் அதே குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் அது கேட்கும் கேள்வியை எடுத்து, எஸ்கியூலைட்டின் கட்டளைத் திரையில் நேராகப் போட்டுப் பாருங்கள். பல கருவிகளில் டீபக் லாக்கை (பிழை தேட உதவும் குறிப்புக் கோப்பை) முடுக்கிவிட்டால் குவெரி அப்படியே அதில் விழும். கட்டளைத் திரையில் டைமரைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு குவெரிக்கும் கீழே மூன்று எண்கள் வரும்: ரியல், யூசர், சிஸ்.

இந்த மூன்று எண்களைப் படிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ரியல் என்பது கடிகார நேரம். யூசரும் சிஸ்ஸும் பிராசஸர் உண்மையில் உழைத்த நேரம். ரியல் எட்டு வினாடி, யூசரும் ஏறக்குறைய எட்டு என்றால் பிராசஸர் மூச்சுவிடாமல் பதிவுகளை அலசுகிறது. அதாவது குவெரி தேவைக்கு மேல் படிக்கிறது. ரியல் எட்டு, மற்ற இரண்டும் சேர்ந்து ஒன்றுகூட இல்லை என்றால் அது எதற்கோ காத்திருக்கிறது. டிஸ்க் மெதுவாகப் படிக்கலாம், அல்லது வேறொருவர் பூட்டு போட்டு வைத்திருக்கலாம். மூன்றுமே சின்ன எண், கருவியின் திரை மட்டும் இழுக்கிறது என்றால் டேட்டாபேஸின் மேல் குற்றமே இல்லை. ஐம்பதாயிரம் வரியை ஒரே பக்கத்தில் வரையச் சொல்லி பிரவுசரை வதைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அதே குவெரியை இரண்டாம் முறை போட்டால் வேகமாக வரும். முதல்முறை டிஸ்கிலிருந்து படித்ததை இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருக்கும். இரண்டாம் முறை எண்ணைப் பார்த்து “சரியாகிவிட்டது” என்று கிளம்பிவிடாதீர்கள். காலையில் கிராணி கேட்பது எப்போதும் முதல்முறைதான்.

டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது

கிராணியின் பெரட்டுப் புத்தகத்தை, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் புத்தகத்தை, நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். “மார்ச் 12 அன்று யார் யார் வந்தார்கள்?” என்றால் நேராக அந்தப் பக்கம். “இந்த ஆள் இந்த ஆண்டு எத்தனை நாள் வந்தார்?” என்று கேட்டால் 365 பக்கத்தையும் புரட்ட வேண்டும். இதைத் தவிர்க்க, பெயர் வரிசையில் இன்னொரு குறிப்பேடு போட்டு, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் பக்க எண்களை எழுதிவைத்தால் போதும். இண்டெக்ஸ் என்பது இந்தக் குறிப்பேடுதான். அதைச் சும்மா தரமாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தினமும் பெரட்டு முடிந்ததும் புத்தகத்தில் எழுதியதோடு, குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் போய் எழுத வேண்டும். ஐந்து குறிப்பேடு வைத்தால் ஐந்திலும் எழுத வேண்டும்.

எஸ்கியூலைட் இந்த இண்டெக்ஸை பி-ட்ரீ என்ற அமைப்பில் வைத்திருக்கிறது. வழக்கமாக 4096 பைட் கொண்ட பக்கங்கள், ஒவ்வொன்றும் பல கிளைகளுக்கு வழிகாட்டும். 36 லட்சம் பதிவானாலும் மேலிருந்து கீழே நான்கைந்து பக்கத்தைத் தொட்டால் வேண்டிய இடம் வந்துவிடும். இண்டெக்ஸ் இல்லாமல் புரட்டினால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இந்த வித்தியாசத்தை எந்த ரேமாலும் ஈடுகட்ட முடியாது.

உங்கள் குவெரி எந்த வழியில் போகிறது என்பதை ஊகிக்க வேண்டாம், டேட்டாபேஸையே கேட்கலாம். குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் குவெரி பிளான் என்ற கட்டளையைச் சேர்த்தால், குவெரியை ஓட்டாமல் அதன் திட்டத்தை மட்டும் காட்டும். அதில் ஸ்கேன் என்று தொடங்கும் வரி, முதலிலிருந்து கடைசிவரை புரட்டப் போகிறது என்பதற்கு அடையாளம். சர்ச் என்று தொடங்கினால் இண்டெக்ஸைப் பிடித்து நேராகப் போகிறது, எந்த இண்டெக்ஸ் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். கவரிங் இண்டெக்ஸ் என்று கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. தேவையானது எல்லாம் இண்டெக்ஸிலேயே இருப்பதால் மூல அட்டவணையைத் தொடவே தேவையில்லை. வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பைக்காகத் தற்காலிக பி-ட்ரீ போடுவதாக ஒரு வரி இருந்தால், கிடைத்ததையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு மறுபடி வரிசைப்படுத்துகிறது என்று பொருள். இருபது பதிவுக்கு அது ஒன்றுமில்லை, இரண்டு லட்சத்துக்கு வலிக்கும்.

ஸ்கேன் என்றாலே தவறு என்று நினைத்துவிட வேண்டாம். முப்பது வரி உள்ள அமைப்புகள் அட்டவணையைப் புரட்டினால் என்ன கெட்டுவிடும்? பெரிய அட்டவணையில் ஸ்கேன் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்.

பாதையைத் தேடும் குவெரி

கண்காணிப்புக் கருவிகளில் அதிகம் அடிபடுவது இதுதான். ஒரே கோப்பின் வரலாறு வேண்டுமென்றால் வேலை எளிது. பாதை, நேரம் இரண்டையும் இந்த வரிசையில் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போட்டால் போதும். அந்தப் பாதைக்குரிய பதிவுகள் நேர வரிசையிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், தேடவும் வேண்டாம், வரிசைப்படுத்தவும் வேண்டாம். இரண்டையும் மாற்றி நேரம் முதலில், பாதை அடுத்து என்று போட்டால் இந்தக் கேள்விக்கு அந்த இண்டெக்ஸால் பெரிய பலன் இல்லை. நாள்வாரியாக எழுதிய பெரட்டுப் புத்தகத்தில் பெயரைத் தேடுவதற்கே அது திரும்பிவிடும்.

ஆனால் கிராணி ஒரு கோப்பைக் கேட்பதில்லை, ஒரு ஃபோல்டரைக் கேட்கிறார். ‘/கணக்கு/செக்ரோல்/’ என்பதற்குக் கீழே உள்ள எல்லாம் வேண்டும். கருவி எழுதியவர் லைக் என்ற ஒப்பிடும் சொல்லைப் போட்டு, பாதையின் முடிவில் ‘இதற்குப் பின் எது வந்தாலும் சரி’ என்று பொருள்படும் சதவீதக் குறியைச் சேர்த்திருப்பார். முன்னெழுத்துகள் தெரிந்திருப்பதால் இண்டெக்ஸ் பயன்படும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பார்த்தால் ஸ்கேன் என்று நிற்கும்.

காரணம் இது. எஸ்கியூலைட்டில் லைக் என்பது ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். சாதாரண இண்டெக்ஸோ இரண்டையும் வேறு வேறாக வைத்து வரிசைப்படுத்தியிருக்கும். இரண்டு ஒழுங்கும் பொருந்தாததால் எஸ்கியூலைட் இண்டெக்ஸைக் கைவிட்டு முழுவதையும் புரட்டுகிறது. போஸ்ட்கிரெஸிலும் இதற்கு உறவான ஒரு சிக்கல் உண்டு. டேட்டாபேஸ் சி என்ற லொக்கேலில் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் மொழி அமைப்பில்) இல்லாவிட்டால், டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ் வகையில் தனி இண்டெக்ஸ் போட்டால்தான் லைக் அதைத் தொடும்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, லைக்குக்குப் பதில் குளோப். அது எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும், இண்டெக்ஸையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஃபோல்டர் பெயரில் சதுர அடைப்போ நட்சத்திரமோ இருந்தால் குழப்பும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. ஃபோல்டரைக் கேட்பதை ஓர் எல்லையாக மாற்றிவிடலாம். பாதை ‘/கணக்கு/செக்ரோல்/’ என்பதற்குச் சமம் அல்லது பெரியது, ‘/கணக்கு/செக்ரோல்0’ என்பதைவிடச் சிறியது, அவ்வளவுதான். கடைசியில் உள்ள சாய்கோட்டுக்கு ஆஸ்கி அட்டவணையில் எண் 47, பூஜ்யத்துக்கு 48. இரண்டுக்கும் நடுவில் வேறு எழுத்து கிடையாது. அதனால் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாம் இந்த எல்லைக்குள் விழும், ‘செக்ரோல்-பழையது’ போன்ற பக்கத்து ஃபோல்டர் விழாது. பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் எக்ஸ்ப்ளெயினில் உடனே சர்ச் என்று மாறிவிடும்.

லைக்கில் இன்னொரு கண்ணியும் உண்டு. அடிக்கோடு என்பது அதில் ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள்படும். ‘சம்பளம்_2024’ என்று ஃபோல்டருக்குப் பெயர் வைக்காத அலுவலகம் உண்டா? ‘சம்பளம்-2024’ என்ற வேறொரு ஃபோல்டரும் பதிலில் வந்து நிற்கும். எல்லை முறையில் இந்தத் தொல்லை இல்லை.

சதவீதக் குறி முன்னாலும் வந்தால், அதாவது பாதையின் நடுவில் எங்காவது ‘செக்ரோல்’ என்ற சொல் இருக்கிறதா என்று கேட்டால், எந்தச் சாதாரண இண்டெக்ஸும் உதவாது. பெயர் எதில் தொடங்குகிறது என்றே தெரியாமல் பெயர் வரிசையில் எங்கே போய்த் தேடுவது? இதற்கு எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்ற முழுச்சொல் தேடல் வசதி இருக்கிறது. அல்லது கோப்பின் பெயரை மட்டும் தனி நெடுவரிசையில் வைத்து அதில் இண்டெக்ஸ் போடலாம். ஆட்கள் உண்மையில் தேடுவது பெரும்பாலும் கோப்பின் பெயரைத்தான். அதனால் எஃப்டிஎஸ்5க்குப் போவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இப்போது கொஞ்சம் நுணுக்கமான இடம். ஃபோல்டருக்கும் எல்லை, நேரத்துக்கும் எல்லை என்று கேட்டால் என்ன ஆகும்? பாதை, நேரம் சேர்ந்த இண்டெக்ஸில் எஸ்கியூலைட் ஓர் எல்லையைத்தான் வழியாகப் பிடித்துப் போகும். பாதையின் எல்லைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்து, நேரத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். செக்ரோல் ஃபோல்டரில் ஓர் ஆண்டுக்கு எட்டு லட்சம் பதிவு இருந்து, நேற்றையது மட்டும் வேண்டும் என்றால், எட்டு லட்சத்தையும் படித்துத்தான் அதைப் பொறுக்கும். இந்த இடத்தில் நேரத்தின்மேல் தனி இண்டெக்ஸ் போட்டு, நேற்றைய பத்தாயிரத்தை எடுத்து, பாதையைச் சரிபார்ப்பதே மேல். எது எல்லையைச் சிறிதாக்குகிறதோ அது முன்னால் நிற்க வேண்டும்.

இன்னும் நன்றாகச் செய்ய வேண்டுமென்றால், முழுப் பாதையை ஒவ்வொரு பதிவிலும் எழுதுவதையே விட்டுவிடலாம். ஃபோல்டர்களுக்குத் தனி அட்டவணை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். நிகழ்வு அட்டவணையில் அந்த எண்ணும் கோப்பின் பெயரும் மட்டும் இருக்கட்டும். பதிவு சிறிதாகும், அதனால் ஒரு பக்கத்தில் அதிகப் பதிவு அடங்கும். ஃபோல்டர் எண்ணுக்குச் சமம், நேரத்துக்கு எல்லை என்று கேட்கும்போது ஒரே இண்டெக்ஸ் இரண்டையும் கையாளும். உள் ஃபோல்டர்களும் வேண்டுமென்றால் முதலில் ஃபோல்டர் அட்டவணையில் அவற்றின் எண்களைச் சேகரித்துக்கொண்டு வர வேண்டும், அது சின்ன அட்டவணை என்பதால் கவலையில்லை. புதிதாகக் கருவி எழுதுகிறவர்கள் இப்படித் தொடங்குவது நல்லது. ஏற்கெனவே ஓடும் கருவியில் இதைச் செய்ய ஒரு வார இறுதி போய்விடும். முதலில் இண்டெக்ஸைச் சரிசெய்யுங்கள், பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும்.

நேற்று என்றால் எந்த நேற்று

நேரத்தைக் கேட்கும் குவெரியில் நடக்கும் வழக்கமான தப்பு, நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் போடுவது. நேரத்தை நாளாக மாற்றி, அது நேற்றைய தேதிக்குச் சமமா என்று கேட்டால், நேரத்தின்மேல் இண்டெக்ஸ் இருந்தும் அது உதவாது. இண்டெக்ஸில் இருப்பது நேரம், நீங்கள் கேட்பது மாற்றிய பிறகு வரும் நாள். ஒவ்வொரு பதிவையும் மாற்றிப் பார்த்தால்தான் பதில் தெரியும். நெடுவரிசையை அப்படியே விட்டுவிட்டு, கணக்கை மறுபக்கம் செய்யுங்கள். நேற்று தொடங்கிய நொடிக்குச் சமம் அல்லது பெரியது, இன்று தொடங்கிய நொடியைவிடச் சிறியது. அதே இண்டெக்ஸ் இப்போது வேலை செய்யும்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதிலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. கருவிகள் பெரும்பாலும் நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிக்கின்றன. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதற்கு முன் ஏழரை மணிதான். அதனால் நமது நள்ளிரவு அங்கே முந்தைய நாள் மாலை 4 மணி. காலை ஆறு மணிக்குப் பெரட்டு முடிந்ததும் கிராணி செக்ரோலைத் திறந்து எழுதினால், பொது நேரத்தில் அது முந்தைய நாள் இரவு 10 மணி. பொது நேரத்தின்படி நாளைப் பிரித்தால் தோட்டத்தில் முக்கியமான காலை வேலை முழுக்கத் தவறான நாளில் விழும். குவெரி வேகமாக வந்து தவறான பதிலைத் தருவது, மெதுவாக வருவதைவிட மோசம். எல்லைகளைக் கணக்கிடும்போது எட்டு மணியைக் கழித்துவிட்டுக் கேளுங்கள்.

முகப்புப் பக்கம்

குவெரி எல்லாம் சரி, முகப்புப் பக்கம் மட்டும் இழுக்கிறது என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். மொத்தம் எத்தனை நிகழ்வு என்று காட்டும் எண் ஒன்று இருக்கும். எஸ்கியூலைட் மொத்த எண்ணிக்கையை எங்கும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் சொல்லும். ஐந்து வினாடிக்கொரு முறை பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டால், நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்கும். நாள்வாரியான எண்ணிக்கையைத் தனிச் சின்ன அட்டவணையில் சேர்த்துக்கொண்டே வந்தால் இந்தப் பாடு இல்லை.

அடுத்தது பக்கம் பக்கமாகப் பார்ப்பது. ‘இத்தனை பதிவைத் தாண்டு’ என்று சொல்லும் ஆஃப்செட்டை வைத்து 400ஆம் பக்கத்துக்குப் போனால், பக்கத்துக்கு 50 என்ற கணக்கில், முன்னாலுள்ள 19,950 பதிவையும் படித்துத் தூக்கிப்போட்டுவிட்டுத்தான் வேண்டிய ஐம்பதைத் தரும். கடைசியாகக் காட்டிய பதிவின் நேரத்தை நினைவில் வைத்து, அதற்கு முந்தைய ஐம்பது என்று கேட்டால் எந்தப் பக்கமும் ஒரே வேகத்தில் வரும். ஒரே நொடியில் பல பதிவுகள் விழும் என்பதால் நேரத்தோடு பதிவு எண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காத்திருக்கும் குவெரி

ரியல் பெரிது, யூசர் சிறிது என்ற வகைக்கு இப்போது வருவோம். எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பழைய ஜர்னல் முறையில் எழுதி முடிக்கும் வேளையில் படிப்பவர்களும் ஒதுங்கி நிற்க வேண்டும். கண்காணிப்புக் கருவியோ நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்கும் பிராணி. டிரான்ஸாக்‌ஷன் என்பது ஒரே மூச்சில் முழுதாக எழுதி முடிக்கும் ஒரு தொகுதி. ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனி டிரான்ஸாக்‌ஷனாக எழுதினால், ஒவ்வொன்றும் டிஸ்கில் உறுதியாகப் பதிந்ததா என்று நின்று பார்க்கும். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்கில் நொடிக்கு அறுபது டிரான்ஸாக்‌ஷன்தான் தாங்கும் என்று எஸ்கியூலைட்டின் ஆவணமே சொல்கிறது. அதே ஆவணம், பலவற்றை ஒரே டிரான்ஸாக்‌ஷனில் சேர்த்தால் நொடிக்கு ஐம்பதாயிரமோ அதற்கு மேலோ எழுதலாம் என்கிறது. நிகழ்வுகளை ஒரு நொடிக்குச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும்படி கருவியை அமைத்தாலே பெரிய நிம்மதி. மின்சாரம் போனால் ஒரு நொடிப் பதிவுகள் போகும், அவ்வளவுதான்.

அப்புறம் ரைட்-அஹெட் லாக் முறைக்கு மாற்றுங்கள். 2010இல் வந்த 3.7.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. எழுதுபவர் ஒரு துணைக் கோப்பில் எழுதிக்கொண்டிருப்பார், படிப்பவர்கள் தடையில்லாமல் படிக்கலாம். துணைக் கோப்பில் சேர்ந்தது அவ்வப்போது முதன்மைக் கோப்புக்குப் போகும், இயல்பாக 1000 பக்கம் சேர்ந்ததும். இதில் ஒரு பொறி உண்டு. முகப்புப் பக்கம் ஒரு படிக்கும் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து மூடாமல் விட்டுவிட்டால் துணைக் கோப்பைக் காலி செய்ய முடியாது. அது ஊதிக்கொண்டே போகும், ஊத ஊதப் படிப்பதும் மெதுவாகும். டேட்டாபேஸ் கோப்புக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிதாக ஒரு துணைக் கோப்பு கிடந்தால் இதுதான் காரணம்.

இந்த முறை நெட்வொர்க் டிரைவில் வேலை செய்யாது, எல்லாரும் ஒரே கணினியில் இருக்க வேண்டும். டேட்டாபேஸ் கோப்பை சர்வரின் சொந்த டிஸ்கிலேயே வையுங்கள். கருவியும் அங்கேயே ஓடட்டும். இன்னொரு கணினியிலிருந்து ஷேர் ஃபோல்டரைக் கவனித்தால், மற்றவர்கள் செய்யும் மாற்றம் ஐநோட்டிஃபைக்குத் தெரியவே தெரியாது.

சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும் ஒரு விஷயம்: டேட்டாபேஸ் கோப்பே கண்காணிக்கும் ஃபோல்டருக்குள் இருப்பது. கருவி ஒரு நிகழ்வை எழுதும். எழுதியதால் டேட்டாபேஸ் கோப்பு மாறும். அது ஒரு நிகழ்வு, அதையும் எழுதும். யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் பதிவுகள் ஆயிரக்கணக்கில் ஏறுவதைப் பார்த்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். எந்தப் பாதைக்கு அதிகப் பதிவு என்று ஒருமுறை தொகுத்துப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். அந்தப் பட்டியலில் ~$ கோப்புகளும் தற்காலிகக் கோப்புகளும் முன்வரிசையில் நிற்கும், அவற்றையும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

இண்டெக்ஸ் கூடினாலும் தொல்லை

இவ்வளவு சொன்னதும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போடத் தோன்றும். வேண்டாம். ஒவ்வொரு நிகழ்வும் எழுதப்படும்போது எல்லா இண்டெக்ஸும் புதுப்பிக்கப்பட வேண்டும். குறிப்பாக நிகழ்வின் வகைக்கு இண்டெக்ஸ் போடுவதில் பயனே இல்லை. உருவானது, மாறியது, பெயர் மாறியது, அழிந்தது என்று நாலைந்து வகைதான். ‘மாறியது’ என்று தேடினால் பாதி அட்டவணை வந்து நிற்கும். பயனில்லாதது மட்டுமல்ல, சில நேரம் எஸ்கியூலைட் நல்ல இண்டெக்ஸை விட்டுவிட்டு இந்த மோசமானதைத் தேர்ந்தெடுத்துவிடும். எதில் எத்தனை வெவ்வேறு மதிப்பு இருக்கிறது என்று அதற்குத் தெரியாததே காரணம். அனலைஸ் என்ற கட்டளையை ஒருமுறை ஓட்டினால் புள்ளிவிவரம் எடுத்து வைத்துக்கொள்ளும். அட்டவணை நிறைய வளர்ந்த பிறகு மறுபடி ஓட்டுங்கள்.

பழையதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது கடைசிக் கேள்வி. தோட்ட நிர்வாகம் இதில் பயப்படும். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி தொழிலாளர் பதிவேடுகளைக் குறைந்தது ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமே என்பார்கள். சரிதான், ஆனால் அது செக்ரோலுக்கும் சம்பளக் கணக்குக்கும். அந்தக் கோப்பு செவ்வாய்க்கிழமை 10:42க்குச் சேவ் செய்யப்பட்டது என்ற கண்காணிப்புப் பதிவு அந்தப் பதிவேடு ஆகாது. ஆறு மாதமோ ஓராண்டோ நிர்வாகத்தோடு பேசி முடிவு செய்துகொண்டு, அதற்கு முந்தையதை வேறு கோப்பில் எடுத்துவைத்துவிட்டு அழிக்கலாம்.

அழிக்கும்போது முப்பது லட்சத்தையும் ஒரே கட்டளையில் அழிக்காதீர்கள். அது முடியும்வரை கருவியால் எழுத முடியாது, நிகழ்வுகள் வரிசையில் தேங்கி, கெர்னலின் வரிசை நிரம்பி வழிந்தால் சில தொலைந்தே போகும். ஐயாயிரம் ஐயாயிரமாக அழித்து, நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அழித்து முடித்ததும் கோப்பின் அளவு குறையாமல் அப்படியே இருப்பதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். காலியான பக்கங்களை எஸ்கியூலைட் பின்னால் வரும் பதிவுகளுக்காக வைத்துக்கொள்கிறது. உண்மையிலேயே சுருக்க வேண்டுமென்றால் வேக்யூம் கட்டளை இருக்கிறது. அது முழு டேட்டாபேஸையும் புதிதாக எழுதுவதால், கோப்பின் அளவைப்போல் இரண்டு மடங்கு வரை டிஸ்கில் காலி இடம் கேட்கும். அலுவலகம் மூடிய பிறகு, டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.